கவுன்சிலர் நாற்காலி

"எலெக்ஷனுக்கு நிற்பதாவது! நமக்கெதற்கு அம்மா அந்த வம்பு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! வம்பு ஏற்கெனவே உங்கள் வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருக்கிறது. மதுரை மாநகராட்சியில் மொத்தம் 100 வார்டுகள். உள்ளாட்சி ஸ்தாபனங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-ல் சட்டம் செய்தாகிவிட்டது. ஆகவே உங்கள் வார்டு பெண்கள் வார்டாக அமைந்தால், யாரோ ஒரு பெண்மணி நின்றுதான் ஆக வேண்டும். யாரோ ஒருத்தி ஜெயித்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒருத்தி யார் என்பதுதான் கேள்வி.

பல வார்டுகளில் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பவர்கள் ஆண்பிள்ளைகளே. "நான் நிற்க வேண்டிய வார்டு, ஸார்! லேடீஸ் வார்டாகப் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது, நம் வீட்டிலே நிற்கட்டும்!" என்பார்கள். 'நம் வீட்டிலே' என்றால் வீட்டுத் தூண் அல்ல, சம்சாரம். அந்த அம்மாளுக்கு ஒரு பெயர் உண்டு, படிப்பு உண்டு, தெருச் சாக்கடையைப் பற்றித் தீர்மானமான அபிப்பிராயமும் உண்டு. இருந்தாலும் போஸ்டரில் அவள் கை கூப்பிக்கொண்டு ஓர் ஓரத்தில் நிற்பாள். அவளைவிடப் பெரிதாகக் கணவர் சிரித்துக்கொண்டிருப்பார். ஜெயித்த பிறகு வீட்டுக்கு மனுவோடு போனால் "ஐயா இருக்காங்களா?" என்றுதான் ஜனங்களும் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்கே அது பழகிவிடும்.

அந்த நாற்காலியை இவ்வளவு லேசாக விட்டுக் கொடுக்கலாமா? அதன் மதிப்பு என்ன என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வில்லாபுரம் லீலாவதியின் பெயரைக் கேட்டிராதவர்கள் நம் ஊரில் குறைவு. ஆனால் இளம் பெண்கள் பலருக்குப் பெயர் மட்டுமே தெரியும், கதை தெரியாது. ஆகையால் சொல்கிறேன்.

நெசவுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர் லீலாவதி. மார்க்ஸிஸ்ட் கட்சியிலும், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்திலும் வேலை செய்தவர். 1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற புதிய ஏற்பாட்டின்படி நடந்த முதல் தேர்தல் அதுதான். வில்லாபுரத்தில் லீலாவதி நின்றார், ஜெயித்தார். அந்தப் பகுதியின் பெரிய கஷ்டம் தண்ணீர். குடம் குடமாக விலை கொடுத்து வாங்க வேண்டும். தண்ணீர் விற்பது அங்கே நல்ல வருமானமுள்ள தொழிலாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருமானம் என்னாகும்? லீலாவதி அதைப் பற்றியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. மாநகராட்சித் தண்ணீர் வில்லாபுரத்துக்கு வர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1997 ஏப்ரல் 23-ஆம் தேதி, பட்டப் பகலில், தம்முடைய பேட்டையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கவுன்சிலராகி ஏழு மாதங்கூட ஆகவில்லை.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கவுன்சிலர் என்றால் கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலி, சால்வை, கோயில் பரிவட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பதவியால் ஒன்றும் ஆகாது என்று கேலியும் செய்கிறோம். ஒன்றும் ஆகாத பதவியில் இருந்தவரை எதற்காகக் கொல்ல வேண்டும்? எந்தத் தெருவுக்குக் குழாய் வருகிறது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்பதில் யாருக்கோ லாபமும் யாருக்கோ நஷ்டமும் இருக்கிறது. நஷ்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் குடம் சுமக்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கு மாறிப்போகிறது. சம்சாரத்தின் பெயரில் கணவர் உட்கார்ந்தால் எதுவும் மாறுவதில்லை.

சரி, நிற்பது என்று தீர்மானித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதற் காரியம், வாக்காளர் பட்டியலை எடுத்து உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள்! புக்ககம் வந்து பத்து வருஷமாகியும் பெயர் பிறந்த வீட்டு விலாசத்திலேயே இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். மேலூரில் பெயரை வைத்துக்கொண்டு செல்லூரில் நிற்க முடியாது. அந்த மாநகராட்சியின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்; வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மாநகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருக்கக் கூடாது; அதனிடம் காண்டிராக்டும் எடுத்திருக்கக் கூடாது. கணவர் வீட்டு வரி ரசீதுகளை எங்கே வைத்திருக்கிறார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் பீரோவைக் குடைகிற அவஸ்தை வேண்டாம்.

பிறகு வேட்பு மனு. உங்களை முன்மொழிய அந்த வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும். உங்கள் சொத்து, கடன், படிப்பு, உங்கள் பேரில் ஏதாவது கிரிமினல் வழக்கு இருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். கழுத்தில் கிடக்கிற சங்கிலி எத்தனை பவுன் என்பதும் அதில் சேர்த்தி. ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று நாத்தனார் கவலைப்படுவாள், தெரியட்டும்! 2022 தேர்தலில் மாநகராட்சி கவுன்சிலருக்கு டெபாஸிட் தொகை 4,000 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வோட்டுகளில் ஆறில் ஒரு பங்காவது வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

மனுவைத் தாங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். எத்தனை மனுக்கள் ஒரு கட்டம் காலியாக விடப்பட்டதற்காக, ஒரு கையெழுத்து விட்டுப் போனதற்காகத் தள்ளுபடியாகின்றன! பரீட்சைத் தாளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரி பார்த்துக் கொடுத்தவர்கள்தானே நாம்?

இனிமேல்தான் பெரிய விஷயம். 2022-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். மனு தாக்கல் ஜனவரி 28-ல் ஆரம்பித்துப் பிப்ரவரி 4-ல் முடிந்தது. மறுநாள் பரிசீலனை. 7-ஆம் தேதி வாபஸ் வாங்கக் கடைசி நாள். 19-ஆம் தேதி வோட்டுப் பதிவு. களத்தில் யார் யார் என்று முடிவான பிறகு மிஞ்சியது பன்னிரண்டே நாள்! ஒரு வார்டில் சராசரியாகப் பத்தாயிரம் வாக்காளர்களுக்கு மேல். பன்னிரண்டு நாளில் வேனில் நின்று கையை வேண்டுமானால் ஆட்டலாம். ஒருவர் வீட்டுக் கஷ்டத்தையும் கேட்க முடியாது. ஆகையால் கட்சி அபேட்சகராக நிற்பவர்களும் சரி, சுயேச்சையாக நிற்பவர்களும் சரி, நடக்க வேண்டிய நடையைத் தேர்தலுக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே நடந்துவிட வேண்டும். சுயேச்சைக்கு இது இன்னும் அவசியம். கட்சிக்காரருக்குச் சின்னம் பேசும். உங்களுக்கு உங்கள் கால்தான் பேச வேண்டும்.

எப்படி நடப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. மாலையில் ஒரு நாளைக்கு ஒரு தெரு. எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நிற்கிறது, பாதாளச் சாக்கடை எங்கே பொங்குகிறது, குப்பை வண்டி எந்தச் சந்துக்குள் நுழைவதில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். குழாயடிச் செய்தியைவிட நம்பகமான செய்தி வேறு கிடையாது. எழுதியதோடு நிறுத்திவிடாமல், அதில் ஒன்றிரண்டையாவது இப்போதே மனுவாக எழுதி, தெருப் பெண்களிடம் கையெழுத்து வாங்கி, மண்டல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு விளக்கு எரிந்துவிட்டால் போதும், அந்தத் தெருவில் உங்கள் பெயரை வேறு யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. நடக்கும்போது கூட இரண்டு பெண்களை அழைத்துப் போங்கள். வம்பு பேசுகிறவன் ஒருத்தியிடம் பேசுவதை மூவரிடம் பேசமாட்டான்.

பணத்தைப் பற்றி எல்லாரும் கேட்பீர்கள். 2022-ல் மாநகராட்சி வார்டுக்கு அனுமதிக்கப்பட்ட செலவு 85,000 ரூபாய். சென்னைக்கு மட்டும் 90,000. சிலர் இதற்கு மேல் எத்தனை மடங்கு இறைக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களோடு போட்டி போட்டு நகையை அடகு வைப்பதென்றால், தயவு செய்து நிற்காதீர்கள். கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023-ல்தான் வந்தது. அடகு வைத்த நகையை அதைக்கொண்டு மீட்க நினைத்தால் வட்டிக்கே போதாது; வேறு வழியில் மீட்க நினைத்தால், அப்புறம் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கிராமப்புறத்துச் சகோதரிகளுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஜில்லா ஊராட்சிக்கும் உண்டு. 2019 டிசம்பரில் கிராமத்து வாக்காளர் கையில் நாலு நிறத்தில் நாலு சீட்டுகள் கொடுத்தார்கள். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, ஜில்லாவுக்கு மஞ்சள். தலைவர் பதவிக்கு டெபாஸிட் 600 ரூபாய்தான். நிற்பது எளிது. உட்காருவதுதான் எளிதல்ல என்பதை மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்கள் பார்த்திருக்கின்றன.

மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவியை 1996-ல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கினார்கள். ஊரில் பலருக்கு அது பொறுக்கவில்லை. மிரட்டலுக்கும் கலகத்துக்கும் நடுவில் ஒருவாறு தேர்தல் நடந்து முருகேசன் என்பவர் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் தேதி, மதுரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும் வழியில் அவரையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலோ பத்து வருஷம் ஒதுக்கீட்டையே ஒப்புக்கொள்ளவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் இருக்காது. அப்படியே தேர்ந்தெடுக்கப்பட்டாலும் உடனே ராஜிநாமாக் கடிதம் வந்துவிடும். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியேற்றுத் தொடர்ந்து இருக்க முடிந்தது.

இவர்கள் ஆண்கள், இது ஜாதிக் கொடுமை, பெண்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒதுக்கப்பட்ட நாற்காலியில் இன்னொருவர் உட்காரும் தந்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 'பெயர் உன்னுடையது, அதிகாரம் என்னுடையது!' தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கென்று ஒதுக்கிய ஊராட்சியாக இருந்தால் அவள் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. ஊராட்சிச் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும் என்பது ஏற்பாடு. துணைத் தலைவர் பேனாவை எடுக்க மறுத்தால் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் நிற்கும், மோட்டார் ரிப்பேரும் நிற்கும். அதனால் தலைவராக நிற்கிறவள் வார்டு உறுப்பினர்களில் தனக்கு ஒத்துவருகிற நாலைந்து பேரை முன்கூட்டியே தேடிக்கொள்ள வேண்டும். துணைத் தலைவரை அவர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்!

ஜெயித்து வந்த பெண்ணுக்கு முதல் நாளே ஒரு சோதனை வரும். கூட்ட நோட்டீஸ் கணவர் கைக்குப் போகும். அதிகாரியின் போன் கணவர் செல்போனுக்குப் போகும். "அவளுக்கு ஒன்றும் தெரியாது ஸார், நான் வருகிறேன்" என்பார் அவர், அன்போடுதான் சொல்வார்! அங்கேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். வேட்பு மனுவிலேயே உங்கள் சொந்தப் போன் நம்பரைக் கொடுங்கள். மாமன்றக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். முதல் கூட்டத்தில் பேச வராவிட்டால் பரவாயில்லை. அஜெண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். புரியாத தீர்மானத்தில் கையெழுத்திடாதீர்கள்; "புரியவில்லை, விளக்குங்கள்" என்று எழுந்து கேட்கக் கூச்சப்படாதீர்கள். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கிராமத்தில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்தலுக்கு நிற்க எண்ணுகிறவர்கள் அதற்கு முன்பே இந்தக் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து கேட்டுப் பழகிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் போகாமலே பாடம் கிடைக்கும்.

கணவரின் ஒத்தாசை வேண்டவே வேண்டாமா? தாராளமாக வேண்டும்! அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரட்டும், ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடட்டும். வாசலோடு சரி.

தோற்றுப் போனால்? நாலு நாள் அக்கம்பக்கம் சிரிக்கும். ஐந்தாம் நாள் அதே தெரு விளக்குக்காக உங்களைத்தான் தேடி வரும். அந்த நோட்டுப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலர் மறந்துவிடுவது இதைத்தான். முடிவு வெளியான 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று வருஷம் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் செய்யலாம். இதென்ன புதுக் கெடுபிடி என்று எண்ண வேண்டாம். கி.பி. 921-ல் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்கள் பெயரையும் போடக்கூடாதாம்! ஆகையால், நோட்டீஸ் அச்சடித்த பில், ஆட்டோ வாடகை, கூட வந்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீயின் பில் வரை போட்டு வைக்க, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள்.