பிள்ளையின் கேம் பெட்டியை விற்காதீர்கள்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் இல்லாத பொறுமை இப்போதாவது வந்திருக்கும்!

நம் பழைய மாணவர்கள் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: மகனுடைய பிளேஸ்டேஷன் 5-ஐ விற்று, மேலே தவணையும் போட்டு, "புது ஹோம் தியேட்டர்" வாங்கப் போகிறானாம். பிள்ளையும் படிப்பானாம், வீட்டில் எல்லோரும் படமும் பார்க்கலாமாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவர்கூட "ஏன்டா, அந்தப் பெட்டியே படம் காட்டுமே" என்று கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5-ன் விலை 49,990 ரூபாய். 4கே புளூ-ரே, சாதா புளூ-ரே, டிவிடி மூன்றும் அதில் ஓடும். ஓப்போ, சாம்சங் போன்ற கம்பெனிகள் 4கே புளூ-ரே பிளேயர் செய்வதையே விட்டுவிட்டன. கடையில் "ஹோம் தியேட்டர்" என்று தலையில் கட்டுகிறார்களே, அதில் பெரும்பாலும் டிஸ்க் போட வழியே இருக்காது. நீளமான ஒரு சவுண்ட்பார், ஒரு பேஸ் பெட்டி, அவ்வளவுதான். படிக்கும் கருவியை விற்றுவிட்டுப் பேசும் கருவியை மட்டும் வாங்குவது என்ன கணக்கு? இருக்கிற பெட்டியோடு ஒரு ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் சேர்த்தால் போதும். அதையும் கையில் காசு சேர்ந்த பிறகு வாங்கலாம்.

இது புதுக் கதையும் இல்லை. 2000-ல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தபோதே டிவிடி பார்ப்பதற்காக அதை வாங்கியவர்கள் ஏராளம். 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3 புளூ-ரே ஓட்டியது. போட்டிக்கு நின்ற எச்.டி. டிவிடி 2008-ல் களத்தை விட்டு ஓடியதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம்.

"சவுண்டு நல்லா இல்லையே டீச்சர், பேச்சு கேக்கல, சண்டை மட்டும் காதைக் கிழிக்குது" என்பீர்கள். 5.1 சத்தத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருகிறது. அதை டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் திணித்தால் வசனம் அமுங்கத்தான் செய்யும். என்னைப் போல அறுபதைத் தாண்டிய காதுகளுக்கு இது விளையாட்டு இல்லை. நடு ஸ்பீக்கர் தனியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே படம் பார்க்க வேண்டாம்.

பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வயரை முதலில் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுங்கள், அங்கிருந்து டிவிக்கு. நேரே டிவியில் சொருகினால் சில டிவிகள் 5.1-ஐ இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் வெளியே அனுப்பும். பிறகு செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய், ஆடியோ அவுட்புட்டில் கருவி "டிவி" என்று இருந்தால் "ஏவி ஆம்ப்ளிஃபையர்" என்று மாற்றி, 5.1 என்று வையுங்கள். டிஸ்க் ஓடும்போது ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி ஆடியோ ஃபார்மட்டை "பிட்ஸ்ட்ரீம்" ஆக்குங்கள். தெரியவில்லையா? யாரைத் திட்டுகிறீர்களோ அந்தப் பிள்ளையையே கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் செய்து தருவான்.

குறை இல்லாமல் இல்லை. டால்பி விஷன் கிடையாது. தனி பிளேயரைவிடக் கரண்டு கூடுதலாக இழுக்கும். பாட்டு சிடி, விசிடி இரண்டும் ஓடாது. இளையராஜா சிடிக்களைப் பத்திரமாக வைத்திருக்கும் எனக்கு அதில் கோபம்தான். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ல் இருந்த ஆப்டிகல் துளை இதில் இல்லை. பழைய ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் டிவியைச் சுற்றித்தான் வர வேண்டும். இதைக் கம்பெனிக்காரனிடம் கேளுங்கள், உங்கள் மகனிடம் இல்லை.

பிள்ளை விளையாட்டிலேயே கிடக்கிறான் என்றால், நேரம் குறித்துக் கொடுங்கள். பேனாவில் காப்பி அடித்தான் என்று நான் யாரிடமும் பேனாவைப் பிடுங்கியது இல்லை.

"எல்லாம் ஆன்லைனில் இருக்கே, டிஸ்க் எதுக்கு?" என்கிறாள் என் அண்ணன் மகள். அம்மாடி, சோனி தன் கடையில் படம் விற்பதை 2021 ஆகஸ்ட் 31-ல் நிறுத்தியது. அடுத்த வருடமே ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், ஸ்டுடியோகெனால் படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அவை போய்விட்டன. நம் வீட்டு பீரோவில் இருக்கும் டிவிடியை எவன் வந்து எடுப்பான்? 2007 வாக்கில் மோசர் பேர் மலிவு விலைக்கு விற்ற டிவிடிகள் திண்டுக்கல்லில் எத்தனை வீட்டில் தூங்குகின்றன! தட்டில் கீறல் இல்லையென்றால் இன்றும் ஓடும்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் துளை கிடையாது. 2024-ல் வந்த புரோ மாடலிலும் டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சிங்கப்பூர், கனடா உறவுகளுக்கு: ஊருக்கு வரும்போது டிஸ்க் வாங்கி வருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் டிவிடிக்கு நம் நாட்டு எண் 5, சிங்கப்பூர் 3, கனடா 1. புளூ-ரேயில் நமக்கு சி, உங்களுக்கு ஏ. எண் மாறினால் இங்கே வாங்கிய பெட்டியில் ஓடாது. அட்டையின் பின்பக்கம் "ஆல்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை ஃபோன் வேண்டாம், தூங்குவேன்.