தொழிற்பழகுநர் இடங்களில் நம் பங்கு எங்கே?

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு அலையும் காலம் இது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று ஆலைகள் நம் தெருக்களின் ஓரம்வரை வந்துவிட்டன. அந்த ஆலைகளுக்குள் நாம் இல்லை என்று சொல்ல முடியாது. துப்புரவில் இருக்கிறோம், கேன்டீனில் இருக்கிறோம், ஒப்பந்தக் கூலியாக அசெம்பிளி லைனிலும் நிற்கிறோம். ஆனால், இயந்திரம் நின்றுபோனால் கூப்பிடப்படும் ஆளாக நாம் இருக்கிறோமா?

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. லைனில் நிற்பவரை ஒப்பந்தம் முடிந்ததும் மாற்றிவிடலாம். பராமரிப்புப் பிரிவில் இருக்கும் ஃபிட்டரையோ எலக்ட்ரீஷியனையோ அப்படி எளிதில் மாற்ற முடியாது. மோட்டார், ஹைட்ராலிக், கட்டுப்பாட்டுப் பலகை என்று ஓர் ஆலையின் நாடித்துடிப்பு அவர் கையில் இருக்கிறது. அங்கே கற்ற வேலை, ஆலை மாறினாலும் கூடவே வரும்.

இந்த வேலைக்கான முதல் படி ஐ.டி.ஐ. அந்தக் கதவு ஓரளவு திறந்தே இருக்கிறது. அரசு நிலையங்களில் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டையும் சேர்த்து நமக்கு 18 சதவீத இடங்கள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டமும் வந்தது. பழைய லேத்தில் பழகியவனுக்கு இன்றைய ஆலையில் என்ன தெரியும் என்று தொழிலதிபர்கள் சொல்லிவந்த குறையில் உண்மை இருந்தது. இனி அதையே சொல்லிக் கொண்டிருக்க முடியாது.

சிக்கல் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. ஆலையில் வேலை கேட்டால் 'அனுபவம் உண்டா?' என்கிறார்கள். அந்த அனுபவத்தைத் தருவதற்கென்றே இருப்பது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் பேரை அப்ரண்டிஸாக எடுத்தாக வேண்டும். அதே சட்டத்தின் 3ஏ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலையளிப்பவரே ஒதுக்க வேண்டும் என்கிறது. மாநிலத்தில் அவர்களுடைய மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு அந்த எண்ணிக்கை வகுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது.

தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று மேடைதோறும் கேட்கிறோம். அது நியாயமான கோரிக்கை. ஆனால் தனியார் ஆலைக்குள்ளேயே செல்லுபடியாகும் ஓர் ஒதுக்கீடு ஏற்கெனவே சட்டமாக இருப்பதை நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 பேர் வேலை செய்யும் ஆலை குறைந்தது 50 அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். அந்த அளவில் பார்த்தால் 10 இடங்கள் நம் பிள்ளைகளுக்கு. ஓர் ஆலைக்கு இவ்வளவு என்றால், ஒரு சிப்காட் வளாகத்துக்கு எவ்வளவு என்பதை வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம்.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'ட்ரெய்னி' என்று பெயர் சூட்டி, குறைந்த தொகைக்கு உற்பத்தி வேலையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே இடம் கிடைத்தால் மட்டும் போதாது. சட்டப்படி பதிவான ஒப்பந்தமா, முடிவில் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டா என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கோரிக்கை புதிதல்ல. 1942-இல் அன்றைய அரசுக்கு அளித்த மனுவில் அண்ணல் அம்பேத்கர் உதவித்தொகையோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களை அப்ரண்டிஸாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். பட்டப்படிப்பைப் போலவே பட்டறையும் விடுதலைக்கான வழி என்று அவர் கண்டிருந்தார். நாம் முதலாவதைப் பிடித்துக்கொண்டோம், இரண்டாவதை மறந்துவிட்டோம்.

இனி செய்ய வேண்டியது கடினமானதல்ல. நம் மாவட்டத்தில் எந்தெந்த ஆலை எத்தனை அப்ரண்டிஸ்களை எடுத்தது, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியரின் குறைதீர் நாளில் நிற்கலாம். நம் அமைப்புகள் ஆண்டுக்கொரு முறை ஆலைவாரியாக அந்தப் பட்டியலை வெளியிடச் சொல்லலாம். அரசும் கேட்கும்வரை காத்திராமல் தானே வெளியிட வேண்டும்.

ஆலை வாசலைப் பெருக்கும் தாயின் மகன், அதே ஆலையின் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவனாக உள்ளே போக வேண்டும். அதற்கான சட்டம் இருக்கிறது. கேட்பதற்கு நாம்தான் வேண்டும்.