இதயத்துக்குத் தேன் கேட்கிறவங்களுக்கு

"அண்ணே, ஹார்ட்டுக்கு நல்லதாமே, ரெண்டு பாட்டில் தேன் அனுப்புங்க." நகரத்திலிருந்து எனக்கு வர்ற போன்ல பாதி இப்படித்தான். தேனில் 80 சதவீதம் சர்க்கரை. நல்லது செய்யும்னு சொல்லப்படும் ஃபிளேவனாய்டு, ஃபீனாலிக் சமாச்சாரம் எல்லாம் துளித்துளிதான். அதுவும் தேனீ செய்வதில்லை, பூவும் மரமும் கொடுப்பது.

ஆதாரமே இல்லைன்னு சொல்ல வரலை. டொரண்டோ பல்கலைக்கழகத்தார் 2022-ல் 18 சோதனைகளை, சுமார் 1,100 பேரின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தார்கள். தினம் 40 கிராம் அளவில், எட்டு வாரம். கெட்ட கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் கொஞ்சம் இறங்கின. காய்ச்சாத, ஒரே வகைப் பூவின் தேனில் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆனா ஆதாரத்தின் உறுதி குறைவுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. சர்க்கரைக்குப் பதிலா தேன்னுதான் சொன்னாங்க, சர்க்கரையோடு தேனும்னு இல்லை. மாத்திரைக்குப் பதிலா தேன்னு யாரும் சொல்லலை. சுகர் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அடுத்தது புரோபோலிஸ், அதாவது தேனீப் பிசின். சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீ வாசலுக்குக் குழாய் வைத்துக் கட்டுமே, மெழுகோடு அதில் கலந்திருப்பது இதுதான். எலியின் இதயத்தைக் காப்பாற்றியதாகப் பேசப்படும் 'கேப்' என்ற பொருள் பெரும்பாலும் குளிர்நாட்டு பாப்லர் மொட்டுப் பிசினில் கிடைப்பது. நம்ம ஊர்ல பாப்லர் ஏது? இங்கே தேனீ எடுப்பது வேற மரத்துப் பிசின், அதில் இருப்பதும் வேற. அந்த ஆராய்ச்சியைக் காட்டி இந்தக் கேப்சூலை விற்பது நியாயமில்லை.

கடைத்தேன் கதை தெரிந்ததே. 2020-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டை என்.எம்.ஆர். சோதனைக்கு அனுப்பியது, தேறியது மூணு. சர்க்கரைப்பாகில் எந்தப் பூவின் சத்து இருக்கும்?

நெல்லுல தேன் கிடையாது. ஒரத்தநாட்டுப் பக்கம் தேன்னா தென்னை, புங்கன், வேம்பு, நாவல்தான். 2018 கஜாவில் தென்னை கொத்துக்கொத்தா சாய்ந்தது. மிச்ச மரத்துக்கும் தேனீ வரணுமே. புகையானுக்கு அடிக்கிற இமிடாகுளோப்ரிட்டை ஐரோப்பிய யூனியன் அதே 2018-ல் திறந்தவெளியில் தடை செய்தது. இங்கே மருந்துக்கடையில் கேட்ட உடனே எடுத்துத் தர்றாங்க. வேற வழியே இல்லைன்னா சாயங்காலம் தேனீ கூட்டுக்குத் திரும்பின பிறகாவது அடிங்கன்னு பக்கத்து வயல்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். சில பேர் கேக்கிறாங்க.