குடவோலையும் ஆறு கோரும்

எங்கள் உத்திரமேரூரில் எதற்கு ஆசைப்பட்டாலும் முதலில் ‘தகுதி இருக்கா?’ என்றுதான் கேட்பார்கள். ஊர் வாகு அப்படி. குடவோலையில் பெயர் எழுதிப் போட யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று பராந்தக சோழன் காலத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்துவிட்டார்கள். கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி சொந்த மனை வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள்.

அக்கா பையன் வந்து நின்றான். “மாமா, கேம் மாட்டி மாட்டி ஓடுது. பிராசசர் மாத்தணும்.” கையில் ஐயாயிரம் ரூபாய். இரண்டு வருஷப் பொங்கல் காசு. ஆபீஸ் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை ஒருமுறை உருவிய புண்ணியத்தில், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு வதந்தி.

அவனிடம் இருந்தது ரைசன் 3 2200ஜி. 2018 மாடல், 4 கோர். கிராபிக்ஸ் கார்டு தனியாக உண்டு. பந்தியில் பரிமாற ஆள் ரெடி, சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாளி வரவில்லை என்ற நிலைமை. செகண்ட் ஹாண்டில் ரைசன் 5 3600 வாங்குவதாக முடிவு. 2019-இல் வந்தது, 6 கோர்.

“பழசா? செத்துப்போச்சுன்னா?” என்றாள் அக்கா.

பிராசசரில் தேய்வதற்குச் சக்கரமா இருக்கிறது? லேசில் சாகாது. முதலில் மண்டையைப் போடுவது பெரும்பாலும் பவர் சப்ளையோ மதர்போர்டோதான். ஆனால் தகுதி பார்க்க வேண்டும். சாக்கெட் ஒன்றா? இரண்டும் ஏ.எம்.4. கரண்ட்? இரண்டும் 65 வாட். பழைய ஃபேனே போதும். 3600-க்குச் சொந்தமாகப் படம் காட்டத் தெரியாது. கார்டு இருப்பதால் பிழைத்தோம். கடைசியாக, புது ஆளை போர்டுக்கு அடையாளம் தெரிய வேண்டும். அதற்குப் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே கருங்கல் ஆகிவிடலாம்.

பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தோம். 60 சதவீதம். சமையலறையிலிருந்து அக்கா, “மிக்ஸி போடலாமாடா?” இருவரும் அலறிய அலறலில் தெருநாய் ஓடிவிட்டது.

மறுநாள் செங்கல்பட்டு வரை பஸ், பிறகு மின்சார ரயில், ரிச்சி தெரு. கடைக்காரர் என் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அதை அப்படியே கொண்டு வந்திருக்கலாம். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் “என்ன சார் அது?” என்று கேட்டுத் தொலைத்தார். எடுத்துக் காட்டி, அரை மணி நேரம் விளக்கம் சொல்லி, சட்டைப் பையில் பேனாவோடு சொருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், 1331 பின்களில் நாலு மடங்கியிருந்தது.

பையன் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சற்றுக் கழித்து அவனே போய் மைக்ரோ டிப் பென்சிலைக் கொண்டு வந்தான். லீடை எடுத்துவிட்டு, அந்த இரும்பு மூக்கைப் பின்னில் நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினான். பிறகு பழைய பிராசசரைக் கழற்ற, மிஷினைச் சிறிது நேரம் சூடாக ஓட்டி அணைத்து, ஃபேனை மெல்லத் திருகி எடுத்தான். வெடுக்கென்று பிடுங்கினால், காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் கூடவே வந்துவிடுமாம். நான் டார்ச் பிடித்தேன். என் தகுதிக்கு அதுதான்.

ஸ்விட்சைப் போட்டான். ஒரு நிமிஷம் இருட்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு திரையில் வெளிச்சம். சாம்பார் வாளி வந்துவிட்டது!

விளையாடிக்கொண்டே கேட்டான்: “மாமா, பிராசசர் 4,500. மீதி ஐந்நூறு?”

பஸ், ரயில், பேஸ்ட், அப்புறம்... பஜ்ஜி.

“கணக்குக் காட்டாதவங்க குடவோலையில நிக்கக் கூடாதுன்னு கல்வெட்டுல இருக்கு மாமா.”

“இருக்குடா. அவனோட அக்கா பையனும் நிக்கக் கூடாதுன்னு அதுலேயே இருக்கு. பேசாம விளையாடு!”