புச்சிபாபு திறந்த மைதானம்

தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடு (1868–1908) அடித்த ரன்களைவிட, அவர் உருவாக்கிய இடமே பெரிது. சேப்பாக்கத்தில் வெள்ளையர் கிளப்பின் பெவிலியனுக்குள் இந்தியர்கள் நுழைய முடியாத காலத்தில், 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் தன் செலவில் வாங்கித் தந்தார். துபாஷ் (ஆங்கிலேய வணிகரின் மொழிபெயர்ப்பாளர், தரகர்) குடும்பத்துச் செல்வர், அவருக்கென்ன என்று கேட்கலாம். பணமும் ஓய்வும் இருந்தது உண்மைதான். ஆனால் அவை இருந்தவர்கள் பலர், செய்தவர் அவர். கிரிக்கெட் வாரியத்திடம் பணம் குவிந்திருக்கும் இன்று தனவந்தர் எதற்கு என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் வாரியத்தின் பார்வை திறமை வெளிப்பட்ட பிறகே விழும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற சிற்றூர்களின் சிறுவர்களுக்கு அதற்கு முன்பே ஆடுகளம் வேண்டும். நூற்பாலைகளால் வளர்ந்த ராஜபாளையத்தின் முதலாளிகள், இரு ஊருக்கும் பொதுவாகக் கட்டணமில்லாத ஒரு மைதானத்தை அமைத்து, அதைப் பராமரிப்பவரின் சம்பளத்தையும் ஏற்க வேண்டும்.