டர்பைனுக்குக் கீழும் ஆறு ஓடுகிறது

நீர்மின் துறையினர் கூடிப் பேசும் மாநாடுகளைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு என்ன பேச்சு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிறு மாலைகளில் கூடிக் கதையும் கவிதையும் படிக்கிற சிறு கூட்டம் நாங்கள். எங்களில் ஒருவரும் பொறியாளர் அல்லர். ஆயினும் இந்த விஷயத்தில் வாய்மூடி இருக்க எங்களால் இயலவில்லை. நாங்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, எங்களை வந்தடையும் முன் ஒரு மின்நிலையத்துக்குள் புகுந்து புறப்பட்டுத்தான் வருகிறது.

முதலில், அந்த மாநாடுகளின் நடைமுறை. ஆசிய அளவிலான நீர்மின் கூட்டம் ஒன்று ஊர் மாறி ஊர் மாறி நடந்துவந்திருக்கிறது. 2014 மார்ச்சில் அது கொழும்பில் கூடியது. ஆய்வுரைகள், இயந்திரம் விற்பவர்களின் கண்காட்சி அரங்குகள், பிறகு அணையையும் மின்நிலையத்தையும் நேரில் காட்டும் 'தொழில்நுட்பச் சுற்றுலா'. கொழும்பு என்றில்லை, இத்துறை எங்கே கூடினாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். தலைக்கவசம் தருவார்கள். அணையின் முகட்டில் நிறுத்திக் குழுப்படம் எடுப்பார்கள். கட்டுப்பாட்டு அறை, இயந்திரக் கூடம், காதடைக்கும் ரீங்காரம். தேநீர். பேருந்து விடுதிக்குத் திரும்பிவிடும்.

எங்கள் புகார் அந்தத் தேநீருக்குப் பின் தொடங்குகிறது. டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் நீர் எங்கே போகிறது, யார் அதற்காகக் காத்திருக்கிறார்கள், எந்த நேரத்தில் வந்தால் அது உதவும், எந்த நேரத்தில் வந்தால் கெடுக்கும் என்பதெல்லாம் அந்தச் சுற்றுலாவில் இல்லை. மின்நிலையத்தின் கழிவாயில் ஆறு முடிந்துவிட்டதாகப் பாவித்துத் திரும்புகிறார்கள். இது மரியாதைக் குறைவு மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். தொழில்நுட்பமாகவே இது அரைகுறை என்பது எங்கள் கட்சி. அதற்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். எங்கள் தலைமாட்டில் இருக்கும் லோயர் கேம்ப் போதும்.

மதுரையிலிருந்து தேனி, கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறியவர்கள் அந்த நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்குப் பக்கம் வந்து, அந்தக் குழாய்களில் செங்குத்தாக இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தில் விழுகிறது. முதல் இயந்திரம் 1958இல் ஓடியது, நான்காவது 1965இல். ஒவ்வொன்றும் 35 மெகாவாட்டாக மொத்தம் 140. பிற்பாடு புதுப்பித்துத் திறனைக் கூட்டினார்கள். குழாய்கள் நான்கும் சேர்ந்து விநாடிக்கு 1,600 கன அடி வரை கொள்ளும். அதற்கு மேல் திறந்தால் மிச்சம் இரைச்சல் பாலத்தின் வழியே கொட்டும். பெயரைப் பாருங்கள். நிலையத்துக்குப் பெயர் வைத்தவர் பெரியாறு என்று ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். பாலத்துக்குப் பெயர் வைத்த ஊர்க்காரரோ காதில் விழுந்ததை வைத்தார்.

இனி எங்கள் வாதத்தின் அச்சாணி. இந்த நிலையத்தில் எவ்வளவு மின்சாரம் எடுப்பது என்பதை மின்வாரியம் தீர்மானிப்பதில்லை. பாசனத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு நீர் திறப்பது என்று நீர்வளத்துறை முடிவு செய்கிறது. அந்த நீர் போகிற போக்கில் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நட்டு நீர் கேட்டால் நான்கு இயந்திரங்களும் ஓடும். அறுவடை முடிந்து குடிநீருக்கு 100 கன அடி போதும் என்றால் உற்பத்தி நின்றே போகும். நாளிதழ்களின் தேனி மாவட்டப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது பழகிய செய்தி. எத்தனை அடி நீர்மட்டம், எத்தனை கன அடி திறப்பு, எத்தனை மெகாவாட் என மூன்றையும் ஒரே மூச்சில் அச்சிடுவார்கள். ஆக, லோயர் கேம்பின் கட்டுப்பாட்டு அறை உண்மையில் லோயர் கேம்பில் இல்லை. அது கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருக்கிறது. வைகை அணைக்கும் பேரணைக்கும் கீழே, கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனத்தின் 45,041 ஏக்கரில் இருக்கிறது. அதற்கும் அப்பால் மேலூர் பக்கம் ஒருபோகத்துக்கு வானத்தையும் அரசாணையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் 85,563 ஏக்கரிலும், திருமங்கலம் கால்வாயின் 19,439 ஏக்கரிலும் இருக்கிறது. இவற்றைக் காட்டாமல் பளபளக்கும் இயந்திரக் கூடத்தை மட்டும் காட்டி அனுப்புவது, வண்டியைக் காட்டி மாட்டை மறைப்பதற்கு ஒப்பாகும்.

இது பாசனத் துறையின் வேலை, மின்பொறியாளருக்கு எதற்கு என்பார்கள். அப்படிப் பிரித்துப் பேசக் கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதே ஆற்றில் முன்கதை உண்டு. 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 999 ஆண்டுக் குத்தகை எழுதின. எழுதும்போது மனத்தில் இருந்தது வயல். பைக்காராவில் 1932இலும் மேட்டூரில் 1937இலும் மின்சாரம் எடுத்துப் பழகிய சென்னை அரசு, பெரியாற்று நீரின் வீழ்ச்சியிலும் மின்சாரம் எடுக்க விரும்பியது. திருவிதாங்கூர் மறித்தது. சர் சி.பி. ராமசுவாமி ஐயர் அங்கே திவானாக இருந்த காலம் அது. வழக்கு நடுவரிடம் போயிற்று. குத்தகை நீர் பாசனத்துக்கு மட்டுமே என்று 1941இல் தீர்ப்பாயிற்று. பின்னர் பேச்சுவார்த்தைகள் நடந்தன, மின்நிலையமும் எழுந்தது. அதை முறைப்படுத்திய துணை ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல்தான். நில வாடகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. மின்சாரத்துக்கெனத் தனிக் கட்டணமும் ஏற்பட்டது. ஒரே நீர், ஒரே சுரங்கம். அது நெல்லுக்கா விளக்குக்கா என்ற கேள்விக்கு இரண்டு அரசுகள் ஒரு தலைமுறைக்கும் மேலாக விடை தேடின. இந்தக் கதையைச் சொல்லாத தொழில்நுட்பச் சுற்றுலா எதைத்தான் சொல்லும்?

இன்னொரு மறுப்பும் எங்களுக்குத் தெரியும். 'நீர்மின்சாரம் நீரைக் குடித்துவிடுவதில்லை. உள்ளே போன அளவு வெளியே வருகிறது. பின் என்ன நஷ்டம்?' அளவில் உண்மைதான். நேரத்திலும் இடத்திலும் உண்மையன்று. இதற்குக் கொழும்புக்கே திரும்ப வேண்டும். மாநாடு கூடுவதற்கு இரண்டாண்டு முன்னர், 2012 ஜூலையில், இலங்கை மலையகத்தில் மேல் கொத்மலை நிலையம் திறக்கப்பட்டது. 150 மெகாவாட், ஜப்பானியக் கடன். தலவாக்கலையில் அணை, அங்கிருந்து 12 கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கம், நிலத்தடியில் மின்நிலையம். அணையும் சுரங்கமும் தேயிலைத் தோட்டத் தமிழரின் ஊர்களுக்கு நடுவே வந்தன. வீடு பெயர்ந்து போனவர்களில் அவர்களும் உண்டு. பல அருவிகளைத் தொட்ட முதல் திட்டம் பலத்த எதிர்ப்புக்குப் பின் சுருங்கியது. ஆனாலும் செயின்ட் கிளேயர் அருவியின் நீர் சுரங்கத்துக்குள் போயிற்று. பகல் நேரத்தில் மட்டும் அருவிக்கு ஓரளவு நீர் விடுவது என்பது ஏற்பாடு. பார்க்க வருபவர்கள் இருக்கும் வரை அருவி. அவர்கள் போனபின் பாறை. நீரின் அளவைக் கணக்கிடும் எந்த அட்டவணையிலும் இது நஷ்டமாகப் பதிவாகாது.

நேரம் என்ற இந்தச் சங்கதி இனிமேல்தான் பெரிதாகப் போகிறது. காரணம், துறையின் இன்றைய மோகம் நீரேற்று மின்நிலையங்கள். மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேலே இறைத்து வைத்து, தட்டுப்படும் வேளையில் இறக்கிவிட்டு மின்சாரம் எடுப்பது. கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலேயே வந்துவிட்டது. அதன்பின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டார்கள். 2024இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டுத் தனியாருக்கும் வழி திறந்தது. சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரத்தைச் சேமிக்க இப்படியொரு வழி தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. மின்வெட்டுக் காலத்தில், 2012இல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாவல் வாசித்தவர்கள் நாங்கள். மின்சாரத்தை வெறுக்கும் சொகுசு எங்களுக்குக் கிடையாது. ஆனால் மலையில் ஏறி இறங்கும் நீரின் நேரத்தை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு, மாநாட்டு அரங்கில் ஆங்கிலத்தில் மட்டும் நடந்து முடிந்துவிடக் கூடாது.

இங்கே எங்களை நாங்களே விட்டுவிடுவதும் நியாயமாகாது. மதுரை இலக்கியக் கூட்டங்களில் வையை என்றால் பரிபாடலைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளாதவர் அரிது. அந்த வையையில் வரும் நீரில் எவ்வளவு பெரியாற்றினுடையது என்று கேட்டுப்பாருங்கள், மௌனம். வைகை அணையில் மூழ்கிய ஊர்களைப் பற்றிக் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' இருக்கிறது. பெரியாற்று அணை கட்டியதைப் பற்றி அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்' இருக்கிறது. ஆனால் இயந்திரக் கூடத்தில் இரவுப் பணி பார்த்தவரின் கதையோ, மதகு திறப்பவரின் கதையோ எங்கள் அலமாரியில் ஒன்றுகூட இல்லை. லோயர் கேம்பில் 2013இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபத்துக்குப் போய்ச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு வந்தோமே தவிர, எதிரே இறங்கும் குழாய்களைப் பற்றி அங்கே எங்களில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தொழில்நுட்பச் சுற்றுலாக்காரர்கள் வயலைப் பார்க்கவில்லை. நாங்கள் இயந்திரத்தைப் பார்க்கவில்லை.

அதைவிடக் கசப்பான ஒன்று. லோயர் கேம்பிலேயே நீரை எடுத்துக் குழாய் வழியாக மதுரைக்குக் குடிநீர் கொண்டுவர 1,200 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்பில் திட்டம் போட்டபோது, கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் எதிர்த்தார்கள். ஆற்றின் தலையிலேயே எடுத்துவிடாதீர்கள், வைகை அணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மதுரையின் படித்த வர்க்கம் அதைப் பக்கத்து மாவட்டத்துச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியது. திருப்பியவர்களில் நாங்களும் உண்டு. எங்கள் தெருக்களுக்கு மேற்கே மாடக்குளம் கண்மாய் கிடக்கிறது. அதன் ஆயக்கட்டில் பெரும்பகுதி வீட்டுமனையாகிவிட்டது. நத்தம் என்றால் குடியிருப்பு நிலம் என்று வருவாய்த்துறைக்காரர் சொல்வார். நத்தம் வளர்ந்து நன்செயைத் தின்ற ஊரில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இனி நடக்கும் நீர்மின் கூட்டங்களின் களப் பயணத்தில் ஒரு நாள் கூட்டுங்கள். லோயர் கேம்ப் வந்தால், தேநீருக்குப் பின் பேருந்தைத் திருப்பாமல் நீரின் போக்கிலேயே கீழே விடுங்கள். இரைச்சல் பாலம், குருவனூத்து, காஞ்சிமரத்துறை, உத்தமபாளையம், வீரபாண்டி, வைகை அணை, பேரணை, கள்ளந்திரி. மேலூர்க் கடைமடையில் இறக்கி, அங்கே இருக்கும் உழவரிடம் இந்த ஆண்டு தண்ணீர் என்றைக்கு வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் தமிழில்தான் சொல்வார். மொழிபெயர்க்க ஆள் கூட்டி வாருங்கள். மலையகம் என்றால் தலவாக்கலைத் தோட்டக் குடியிருப்புக்கும், இருட்டியபின் செயின்ட் கிளேயர் பாறைக்கும் அழைத்துப் போங்கள். மின்நிலைய வாசலில் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பள்ளிப் பிள்ளை படிக்கும்படி ஒரு பலகையைத் தமிழில் வையுங்கள்.

மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால், எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தில் ஆங்கிலம் அறிந்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். தலைக்கவசம் மட்டும் கொடுத்து இயந்திரக் கூடத்துக்குள்ளும் ஒருமுறை விட்டால் போதும்.