காதுக்குள் இருக்க வேண்டியது பீரோவுக்குள் இருப்பது ஏன்?

காது மெஷின் வாங்கிய பல வீடுகளில் ஒரு சடங்கு நடக்கிறது. முதல் வாரம் தாத்தா அதைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீடே சுற்றி நின்று "தாத்தா, கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கத்திப் பார்க்கும். இரண்டாவது வாரம் "காதுக்குள்ள ஒரே இரைச்சலா இருக்குடா" என்பார். மூன்றாவது வாரம் மெஷின் விசில் அடிக்கும். நான்காவது வாரம் அது தன் குட்டிப் பெட்டிக்குள் போய், பெட்டி பீரோ டிராயருக்குள் போய், உடைந்த மூக்குக் கண்ணாடி, பழைய எல்ஐசி ரசீது, மாற்ற மறந்துபோன பழைய ஐநூறு ரூபாய் நோட்டு ஆகியவற்றோடு ஐக்கியமாகிவிடும்.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அவ்வளவு காசு போட்டு வாங்கிக் குடுத்தோம். அவருக்குப் போட இஷ்டமில்லை. நாங்க என்ன பண்றது?"

அப்பட்டமான பொய்! அவருக்கு அதைப் போடவும் கழற்றவும் துடைக்கவும் யாரும் சொல்லித் தரவில்லை. விற்றவர் பில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தார். வாங்கிக் கொடுத்தவர் பில் கட்டியதும் கடமை முடிந்தது என்று நினைத்தார். நடுவில் மாட்டிக்கொண்டவர் மறுபடியும் மௌனத்துக்குள் போய்விட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. உலகில் 150 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதோ ஓர் அளவில் காது மந்தம். அறுபது வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல், அன்றாட வாழ்க்கையே பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. ஆனால் காது மெஷினால் பயன் பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். காசில்லை, கிடைக்கவில்லை என்பதெல்லாம் பெரிய காரணங்கள்தான். ஆனால் காசும் கொடுத்து, கையிலும் கிடைத்த பிறகு டிராயரில் போட்டு மூடுவதற்கு என்ன காரணம்?

"வெளியே தெரியவே தெரியாது சார்!"

காது மெஷின் விளம்பரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? நன்றாகக் கேட்கும் என்பதைவிடப் பெரிய எழுத்தில் "வெளியே தெரியாது" என்றுதான் போட்டிருக்கும். இதுவே ஒரு கேவலம். மூக்குக் கண்ணாடி விற்பவர் எவராவது "வெளியே தெரியாத கண்ணாடி" என்று கூவுகிறாரா? கண்ணாடி போட்டால் படித்தவர். காதில் மெஷின் போட்டால் "செவிட்டு மெஷின்". செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்லியே வளர்ந்த ஊர் இது. சினிமாவில் காது கேட்காத பாத்திரம் வந்தால் அது காமெடிக்குத்தான். கேள்வி என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவரைக் கொண்டாடிக்கொண்டே, கேட்க முடியாதவரைப் பார்த்துச் சிரிக்கவும் பழகியிருக்கிறார்கள்.

இந்த வெட்கத்தைத்தான் கடைக்காரர் காசாக்குகிறார். முழுவதுமாகக் காதுத் துளைக்குள் போய் உட்காரும் சிஐசி ரகம் ஒரு வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். அதற்குள் மைக், ஒலியைப் பெருக்கும் சிப், ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் அடக்கம். காதில் ஒரு பசையைச் செலுத்தி அச்செடுத்து, அந்த அச்சுக்கு ஏற்றபடி கூடு செய்வார்கள். இழுத்து வெளியே எடுக்க மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நூல் தொங்கும். அருமையான பொருள், சந்தேகமே இல்லை. கண்ணாடிக் கொக்கியோடு சண்டை போடாது. 2020-ல் மாஸ்க் வந்தபோது, காதுக்குப் பின்னால் மாட்டும் ரகத்தை மாஸ்க் கயிறு இழுத்து இழுத்துக் கீழே தள்ளியது. உள்ளே இருக்கும் ரகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. போனைச் சாதாரணமாகக் காதில் வைத்துப் பேசலாம். காற்று இரைச்சலும் குறைவு.

ஆனால் யாருக்கு அருமை? விரல் நடுங்காதவருக்கு. கண் தெரிகிறவருக்கு. காது மந்தம் லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவருக்கு. எண்பது வயதுக்காரர், கண்புரை ஆபரேஷன் ஆனவர், சட்டைப் பொத்தானைப் போடவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்பவர்... இவர் கையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான பேட்டரியைக் கொடுத்து "வாரா வாரம் மாத்திக்குங்க" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அதிகமான மந்தத்துக்கு வேண்டிய சக்தி இந்தச் சின்னக் கூட்டுக்குள் அடங்காது. ஒன்றுக்கு மேற்பட்ட மைக் வைத்து எதிரில் பேசுபவரின் குரலை மட்டும் தூக்கிக் காட்டும் வசதிக்கும் இதில் பெரும்பாலும் இடமில்லை. இந்த உண்மைகளைச் சொன்னால் பெரிய, எளிதான, சில சமயம் விலை குறைவான ரகத்தை வாங்கிப் போய்விடுவார்கள் அல்லவா!

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மெஷின் வெளியே தெரிந்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுவார். தெரியாவிட்டால் பேங்க் கவுண்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பார். புரியாமல் திருப்பிக் கேட்டால் எரிந்து விழுவார். மறைத்ததால் யாருக்கு லாபம்?

செத்துப்போன மெஷின்கள் உண்மையில் சாகவில்லை

"மெஷின் ரிப்பேர்" என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: குரும்பியும் பேட்டரியும்.

காதுக்குள் குரும்பி ஊறுவது இயற்கை. அது காதைக் காக்கத்தான் ஊறுகிறது. ஆனால் ஸ்பீக்கரின் வாயும் அதே குரும்பிக்குள்தான் போய் உட்காருகிறது. அந்த வாயில் ஒரு குட்டி வடிகட்டி இருக்கும். அது அடைத்துக்கொண்டால் சத்தம் வராது. புது வடிகட்டி மாற்றினால் பல நேரங்களில் சத்தம் திரும்பிவிடும். மாற்றுவதற்கு ஒரு சின்னக் குச்சி கூடவே கொடுக்கிறார்கள். ஒரு முனையால் பழையதை இழுத்து, மறுமுனையால் புதியதைச் செருக வேண்டும். ஆனால் நம்மூர் வழக்கம் என்ன? ஊக்கை எடுத்துக் குத்துவது! ஊக்கு குரும்பியை இன்னும் உள்ளே தள்ளி ஸ்பீக்கரையே கிழித்துவிடும்.

விசில் சத்தத்துக்கும் காரணம் உண்டு. மெஷின் சரியாக உட்காராமல் இடுக்கு விட்டிருக்கும். அல்லது காதில் குரும்பி நிறைந்து ஒலி திரும்பி வரும். வெளியே கசியும் ஒலியை மைக் மறுபடி பிடித்து மறுபடி பெருக்குவதால் வருவதுதான் விசில். மேடை மைக்கில் "கீய்ங்" என்று கேட்குமே, அதே கதைதான். இடம் வலம் மாறினாலும் சரியாக உட்காராது. சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது காது. இந்த ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள் பலர்.

அடுத்தது பேட்டரி. இது ஜிங்க்-ஏர் வகை. காற்று பட்டால்தான் உயிர் வரும். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10-ஆம் எண் பேட்டரி மிகச் சிறிய மெஷினுக்கு, பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 கொஞ்சம் பெரியதுக்கு. ஸ்டிக்கரை உரித்ததும் சில நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு போட வேண்டும். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிச் சேமித்து வைக்க முடியாது. ஆரம்பித்த வேலை நிற்காது. 10-ஆம் எண் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரைதான் வரும். இது தெரியாமல் "போன வாரம்தானே புதுசு போட்டோம், அதுக்குள்ள மெஷின் போச்சு" என்பவர்கள் எத்தனை பேர்! சார்ஜ் போடும் ரகங்களும் இப்போது வந்துவிட்டன. அவை சரியாக வேலை செய்யும் வீட்டில் இந்தத் தலைவலியே இல்லை. ஒரு எச்சரிக்கை: பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூன்றாவது எதிரி ஈரம். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை காதுக்குள்ளும் இறங்கும். இரவில் கழற்றி, காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பேட்டரியை எடுத்து, கதவைத் திறந்தபடி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. தண்ணீரோ ஸ்பிரிட்டோ வைத்துத் துடைக்கக் கூடாது. குளிக்கும்போது கழற்ற வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால், தலையில் எண்ணெய் வைக்கும் முன்பே கழற்ற வேண்டும். முகத்துக்குப் பவுடர் பூசி முடித்த பிறகு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மைக் துளை அடைத்துக்கொள்ளும். எம்ஆர்ஐ அறைக்குள் போட்டுக்கொண்டு போகவே கூடாது.

இவ்வளவுதான். இதில் எதுவும் ராக்கெட் விடும் வேலை இல்லை. ஆனாலும் பொறுமையாகப் பத்து நிமிடம் செய்து காட்ட ஆளில்லாமல், ஆயிரக்கணக்கில் கொட்டிய பணம் டிராயரில் தூங்குகிறது.

"கேக்குது... ஆனா புரியல"

வயதான காதில் முதலில் போவது பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்து ஓரளவு கேட்கும், மெய்யெழுத்து நழுவிவிடும். கடை, தடை, படை, சடை எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் அவர் எதையோ கேட்டு எதையோ பதில் சொல்கிறார். உடனே வீட்டில் சிரிப்பு. அல்லது பத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தல். கத்தினால் ஒலிதான் கூடும், தெளிவு கூடாது. முகம் பார்த்து, டிவியை நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

மெஷின் போட்ட அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது அடுத்த அநியாயம். பல வருடம் கேட்காத ஒலிகள் திடீரென்று மூளைக்குள் கொட்டுகின்றன. ஃபேன் சத்தம், செருப்புச் சத்தம், பேப்பர் புரட்டும் சத்தம், குக்கர் விசில், எல்லாமே இடி மாதிரி இருக்கும். காதை அடைத்திருப்பதால் தன் குரலே குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ஒலிக்கும். மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு டிவி, பிறகு நாலு பேர் இருக்கும் இடம், கடைசியில்தான் கல்யாண மண்டபம். போட்ட மறுநாளே மேளச் சத்தத்துக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தால் யார்தான் கழற்றி எறிய மாட்டார்கள்? மெஷினைத் திரும்ப எடுத்துப் போய் ஒலி அளவுகளைத் திருத்தச் சொல்வது வாங்கியவரின் உரிமை. ஒருமுறை வைத்த அளவோடு விடும் கடை, கடையே இல்லை.

"வயசானா காது கேக்காதுதான், அதுக்கென்ன?" என்கிறவர்களுக்கு ஒரு தகவல். மறதி நோய் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2017, 2020, 2024 என மூன்று அறிக்கைகளிலும், தடுக்க வாய்ப்புள்ள காரணங்களின் பட்டியலில் காது மந்தத்தைச் சேர்த்திருக்கிறது. மெஷின் போட்டால் மறதியே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே ஆபத்து அதிகமுள்ள முதியவர்களிடம் மூன்று ஆண்டுகளில் மூளைத்திறன் சரிவது 48 சதவீதம் குறைந்திருந்தது. மூளையையே விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேத்தியின் குரல் கேட்காமல், "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டிச் சமாளிக்கும் ஒரு மனிதரின் தனிமைக்கு எந்த ஆய்வு வேண்டும்?

சட்டமும் ஆன்லைன் சந்தையும்

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவரைக் காது மந்தமானவர் என்று ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனமோ நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபலைத் தாண்டினால் அது வாழ்க்கையைப் பாதிக்கும் இழப்பு என்கிறது. நடுவில் நிற்பவர்கள் சான்றிதழும் இல்லாமல், சலுகையும் இல்லாமல் எங்கே போவார்கள்? ஆன்லைனுக்குத்தான். அங்கே சில நூறு ரூபாய்க்கு ஒலிபெருக்கிப் பொம்மைகள் "காது மெஷின்" என்ற பெயரில் விற்கின்றன. எந்த ஒலி கேட்கவில்லை என்று சோதிக்காமல் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி தூக்கிக் காட்டினால், தேவையில்லாத சத்தம்தான் காதைத் துளைக்கும். அமெரிக்கா 2022 அக்டோபரில் கடையில் நேரடியாக மெஷின் வாங்க அனுமதித்தது உண்மை. ஆனால் அங்கே அது பெரியவர்களுக்கு, லேசான அல்லது நடுத்தர மந்தத்துக்கு மட்டும். ஒலியின் உச்ச அளவுக்கும் வரம்பு உண்டு. திடீரென்று காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் குறைந்தாலோ, சீழ் வந்தாலோ மெஷின் தேடவே கூடாது. டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு

கடைசியாக ஒரு கேள்வி, காலேஜ் படிக்கும் கூட்டத்துக்கு. இரண்டு காதிலும் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டுதான் இன்று எல்லோரும் பஸ் ஏறுகிறார்கள். அதை யாரும் கேலி செய்வதில்லை. அதைத் துடைக்க, சார்ஜ் போட, போனோடு இணைக்க யாரும் வகுப்பெடுக்கவும் இல்லை. அந்தக் கண்ணும் விரலும் பொறுமையும் தாத்தாவின் மெஷினுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பீரோ டிராயரைத் திறந்து பாருங்கள். பெட்டி அங்கேதான் இருக்கும். வடிகட்டியை மாற்றுங்கள். புது பேட்டரி போடுங்கள். சிவப்பா நீலமா என்று பார்த்து, அவர் காதில் அவரையே மாட்ட வையுங்கள். பிறகு கத்தாமல், எதிரில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கேளுங்கள்.

அப்படியும் கேட்கவில்லை என்றால் மெஷினைத் திட்டுங்கள். அதுவரை அவரைத் திட்ட யாருக்கும் உரிமை இல்லை.